மூன்றாவது மாத்திரையை எழுதும் முன்: பொதுநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், ஊர்க் கடைத்தெருக்களில் நடக்கும் சிறு கிளினிக்குகளிலும் ரத்தக் கொதிப்புக்கு மருந்து எழுதித் தரும் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோளை வைப்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். இரண்டு மருந்துகள் கொடுத்தும் அழுத்தம் இறங்காமல் மூன்றாவதை எழுத நேரும்போது, அதற்கு முன் அந்த நோயாளியின் ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன், ரெனின் ஆகிய இரண்டின் அளவையும் ஒரு முறையேனும் பார்த்துவிடுங்கள் என்பதே அந்த வேண்டுகோள். நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதும் பொறுப்பு எனக்கு இருந்ததில்லை. ஆண்டுதோறும் கரும்பலகையில் நான் வரைந்து காட்டிய ஓர் ஹார்மோன் சுற்று, தேர்வு முடிந்து மாணவர்கள் மருத்துவர்களாகி அமர்ந்த பிறகு ஏன் அவர்களுடைய மருந்துச் சீட்டில் எங்குமே தென்படுவதில்லை என்ற கவலைதான் என்னை எழுத வைக்கிறது.

அந்தச் சுற்றை நீங்கள் அறிவீர்கள். உடலில் உப்புக் குறைந்தாலோ சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் குறைந்தாலோ சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அதன் வழியே ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உண்டாகி, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியான புறணியைத் தூண்ட, புறணி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. ஆல்டோஸ்டிரோன் சிறுநீரக நுண்குழல்களில் சோடியத்தைப் பிடித்து நிறுத்திப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. உப்பும் நீரும் போதிய அளவு சேர்ந்ததும் ரெனின் அடங்கிவிடுகிறது. அட்ரினல் சுரப்பி இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டுத் தன்னிச்சையாகச் சுரக்கத் தொடங்கிவிட்டால், ரெனின் எவ்வளவுதான் அடங்கினாலும் ஆல்டோஸ்டிரோன் அடங்குவதில்லை. உப்பு சேர்ந்துகொண்டே போகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இந்நிலையை முதன்மை ஆல்டோஸ்டிரோன் மிகைப்பு என்று பெயரிட்டு உலகுக்குத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெரோம் கான். 1907இல் பிறந்து 1994இல் மறைந்த அவருடைய ஆய்வை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதில் உங்கள் அன்றாட மருத்துவத்துக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது.

கான் இந்நோயைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளின் புழுக்கத்தில் போரிட்ட அமெரிக்க வீரர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்தார்கள். மனித உடல் ஈரப்பதம் மிகுந்த வெப்பத்துக்கு எப்படிப் பழகுகிறது என்று கண்டறியும் பணி கானின் குழுவிடம் வந்தது. ஆன் ஆர்பர் நகரில் வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் தன்னார்வலர்களை இருத்தி, வேலை செய்ய வைத்து, அவர்களுடைய வியர்வையையும் சிறுநீரையும் நாள்தோறும் அளந்தார்கள். தொடக்க நாட்களில் வியர்வையோடு உப்பு பெருமளவில் வெளியேறியது. சில நாட்களில் வியர்வையின் அளவு குறையாமலே அதிலிருந்த உப்பு மட்டும் வெகுவாகக் குறைந்தது, சிறுநீரிலும் அவ்வாறே. உடல் தன் உப்பைக் காத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது என்றால் அந்தக் கட்டளை எங்கிருந்து வருகிறது? அட்ரினல் புறணியிலிருந்து வரும் ஏதோ ஒரு ஹார்மோன்தான் இதைச் செய்கிறது என்று கான் ஊகித்தார். அப்போது ஆல்டோஸ்டிரோன் என்ற பெயரே உலகில் இல்லை.

அந்த ஹார்மோன் கைக்கு அகப்பட்டது 1953இல். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ரைக்ஸ்டைன் முதலிய வேதியியலாளர்களும் சேர்ந்து, மாட்டு அட்ரினல் சுரப்பிகளைப் பெருமளவில் திரட்டி அவற்றிலிருந்து மிகச் சிறிதளவு படிகத்தைப் பிரித்தெடுத்தார்கள். முதலில் எலெக்ட்ரோகார்ட்டின் என்று அழைக்கப்பட்ட அதுவே பின்னர் ஆல்டோஸ்டிரோன் ஆயிற்று.

1954 ஏப்ரலில் 34 வயதுப் பெண் ஒருவர் கானிடம் அனுப்பப்பட்டார். ஏழு ஆண்டுகளாக அவருக்குத் தசைகள் பிடித்து இழுத்தன. கால்கள் அவ்வப்போது செயலிழந்து போயின. ரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது, பொட்டாசியம் அபாயகரமான அளவுக்குக் கீழே இருந்தது, ரத்தம் காரத்தன்மை மிகுந்திருந்தது. இத்தனை உப்பைச் சேர்த்து வைத்திருந்தும் உடலில் வீக்கம் இல்லை. கான் அவரை மாதக்கணக்கில் ஆய்வுப் பிரிவில் வைத்துப் பார்த்தார். பத்தாண்டுகளாக வியர்வையை அளந்து பழகிய மனிதர் அல்லவா, அவர் இந்தப் பெண்ணின் வியர்வையையும் எச்சிலையும்கூட அளந்தார். மிச்சிகனின் குளிரில் வாழ்ந்த அப்பெண்ணின் வியர்வையில் உப்பு மிகவும் குறைவாக இருந்தது. புழுக்கத்துக்குப் பழகிப்போன போர்வீரனின் வியர்வை போலவே அது இருந்தது. சிறுநீரில் உப்பைத் தேக்கும் ஹார்மோனின் வீரியம் வழக்கமானதைவிட இருபது மடங்குக்கும் மேல் இருந்தது. வேறொரு மருத்துவர் சிறுநீரகத்தையோ நரம்பையோ சந்தேகித்திருக்கக்கூடிய இடத்தில், கான் அட்ரினலைச் சந்தேகித்தது போர்க்காலத்தில் செய்த அந்த வியர்வை ஆய்வின் பயன்தான்.

அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று சிகாகோவில் நடந்த மருத்துவ ஆய்வாளர் கூட்டத்தில் ஆற்றிய தலைமையுரையில், அறுவை சிகிச்சை நடப்பதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே, கான் இந்நோய்க்குப் பெயரிட்டு அதன் இயக்கத்தை விளக்கிவிட்டார். இரண்டு அட்ரினல்களையும் அகற்றிவிடுவது என்பதே திட்டம். டிசம்பர் 10 அன்று வில்லியம் பாம் என்ற அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்தபோது வலது அட்ரினலில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருந்தது. அதை மட்டும் எடுத்தார்கள். இடது சுரப்பி தப்பித்தது. அடுத்து வந்த வாரங்களில் அப்பெண்ணின் பொட்டாசியமும் ரத்த அழுத்தமும் இயல்புக்குத் திரும்பின. 1955 ஜனவரியில் கானின் கட்டுரை வெளிவந்தது. போலந்து நாட்டு மருத்துவர் மிக்கால் லித்தின்ஸ்கி 1953லேயே அட்ரினல் கட்டியால் வந்த ரத்த அழுத்தத்தைத் தம் மொழியில் எழுதியிருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவருடைய எழுத்து நாட்டின் எல்லையைத் தாண்டவில்லை; அதனால் பெயர் கானுக்குப் போயிற்று.

இதுவரை சொன்னவற்றை நீங்கள் பாடநூலில் ஏதோ ஒரு பக்கத்தில் படித்திருப்பீர்கள். பாடநூல் போதிய அழுத்தம் தந்து சொல்லாதது இதற்குப் பிறகு நடந்தது.

முதல் நோயாளியின் பொட்டாசியம் அவ்வளவு தாழ்ந்து இருந்ததால், பொட்டாசியம் குறைந்தால்தான் இந்நோய் என்ற எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்றியது. ஆனால் கான் அங்கே நிற்கவில்லை. 1964இல் இந்நோயாளிகளிடம் ரெனின் அடங்கிக் கிடப்பதை அவருடைய குழு காட்டியது. பொட்டாசியம் இயல்பாக இருப்பவர்களிடமும் இந்நோய் உண்டு என்றும், காரணம் தெரியாதது என்று ஒதுக்கப்படும் உயர் ரத்த அழுத்த நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஆல்டோஸ்டிரோன்தான் காரணமாக இருக்கக்கூடும் என்றும் அவர் அறுபதுகளில் வாதிட்டார். மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. அவர்களுடைய கணக்கில் அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பொட்டாசியம் குறைந்தவர்களிடம் மட்டுமே தேடினார்கள். ஆகவே பொட்டாசியம் குறைந்தவர்கள் மட்டுமே கிடைத்தார்கள். கிடைத்தவர்கள் சிலரே என்பதால் நோய் அரிது என்று எழுதி வைத்தார்கள். அரிது என்று எழுதி வைத்ததால் அடுத்த தலைமுறையும் தேடவில்லை. மருத்துவ வரலாற்றில் ஒரு தவறான கருத்து தன்னைத் தானே இவ்வளவு காலம் காப்பாற்றிக்கொண்ட வேறோர் இடத்தை நான் அறியேன். அந்தப் பாடத்தைத்தான் நானும் என் ஆசிரியர்களிடம் கேட்டேன். உங்களில் பலரும் இன்று வரை அதையே நம்புகிறீர்கள்.

மாற்றம் பொட்டாசியத்தை விட்டுவிட்டு ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனுக்கும் ரெனினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கத் தொடங்கியபோது வந்தது. 1981இல் ஜப்பானிய மருத்துவர்கள் இந்த விகிதத்தை முன்வைத்தார்கள். தொண்ணூறுகளில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரிச்சர்ட் கார்டனும் அவருடைய குழுவினரும், பொட்டாசியம் எப்படி இருந்தாலும் சரி என்று ரத்த அழுத்தக்காரர்களைப் பரவலாகச் சோதித்தபோது, அரிது என்று சொல்லப்பட்ட நோய் திரும்பிய பக்கமெல்லாம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோரின் பொட்டாசியம் இயல்பாகவே இருந்தது.

2017இல் இத்தாலியின் டூரின் நகரில் குடும்ப மருத்துவர்களிடம் வரும் ரத்த அழுத்த நோயாளிகளைச் சோதித்தபோது 5.9 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அழுத்தம் லேசாக உயர்ந்தவர்களில் 3.9 விழுக்காடாக இருந்த அது, கடுமையாக உயர்ந்தவர்களில் 11.8 விழுக்காடாக ஏறியது. பெரிய சிறப்பு மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு அல்ல இது. உங்கள் முன்னால் வந்து அமர்கிறவர்களைப் போன்றவர்களின் கணக்கு. 2020இல் அமெரிக்காவில் 24 மணி நேரச் சிறுநீரை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் மேலே போயிற்று: மருந்துக்குக் கட்டுப்படாத அழுத்தம் உள்ளவர்களில் 22 விழுக்காட்டினரிடம் ஆல்டோஸ்டிரோன் கட்டுப்பாடின்றிச் சுரந்தது. கான் சொன்ன ஐந்தில் ஒருவர் என்ற கணக்கை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

ஆனாலும் தேடுகிறவர்கள் இல்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், மருந்துக்குக் கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்த 2,69,010 பேரின் ஆவணங்களைப் பார்த்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், இப்பரிசோதனை செய்யப்பட்டிருந்தவர்கள் 1.6 விழுக்காட்டினர் மட்டுமே. பணமும் பரிசோதனைக்கூடமும் நிறைந்த நாட்டிலேயே நிலை இது என்பதால், குறை வசதியில் மட்டும் இல்லை என்பது தெளிவு. மருத்துவரின் மனத்தில் அந்தக் கேள்வி எழுவதில்லை.

கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன, அழுத்தத்தைத்தான் மாத்திரையால் இறக்குகிறோமே என்று நீங்கள் கேட்கலாம். ஆல்டோஸ்டிரோன் அழுத்தத்தை ஏற்றுவதோடு நிற்பதில்லை. இதயத்திலும் ரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் தழும்பை உண்டாக்குகிறது. இந்நோயாளிகளைச் சாதாரண ரத்த அழுத்தக்காரர்களோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த கட்டுரை, பக்கவாதத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கும், இதயத் துடிப்புத் தாளம் தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கான வாய்ப்பு மூன்றரை மடங்கும், இதயச் செயலிழப்புக்கான வாய்ப்பு இரண்டு மடங்கும் என்று காட்டியது.

நீங்கள் வழக்கமாக எழுதும் மருந்துகளையும் இந்த நோயின் பக்கம் நின்று ஒருமுறை பாருங்கள். டெல்மிசார்டான் ஆஞ்சியோடென்சினின் வழியை அடைக்கிறது. இவர்களிடம் அந்த வழி முன்பே அடங்கிக் கிடப்பதால் அதனால் கிடைக்கும் பயன் குறைவு. அம்லோடிபின் அழுத்தத்தை ஓரளவு இறக்கும், சுரப்பைத் தொடாது. நீர் மாத்திரைகளான குளோர்தாலிடோனோ ஹைட்ரோகுளோரோதயசைடோ சேர்ந்தால் முன்பே கசிந்துகொண்டிருக்கும் பொட்டாசியம் இன்னும் வேகமாக வெளியேறும். என் உறவுப் பெண்மணி ஒருவருக்கு இதுதான் நடந்தது. நாற்பது வயதுக்கு முன்பே மூன்று மருந்துகள், இரவெல்லாம் கெண்டைக்கால் பிடிப்பு, மாலையில் மாடிப்படி ஏற முடியாத அசதி. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிச் சத்து ஊசி போட்டார்கள், பொட்டாசியம் குறைந்திருப்பது தெரிந்ததும் இனிப்பு மருந்தில் கலந்து பொட்டாசியம் குடிக்கச் சொன்னார்கள். ஏன் குறைகிறது என்று எவரும் கேட்கவில்லை. பின்னர் ஓர் இளம் மருத்துவர் ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் பார்க்கச் சொன்னார். இன்று அந்தப் பெண்மணி, ஆல்டோஸ்டிரோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் இன்னொரு மாத்திரையும் மட்டும் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிறார்.

ஸ்பைரோனோலாக்டோன் புதிய மருந்தும் இல்லை, விலை உயர்ந்ததும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. 2015இல் பிரிட்டனில் நடந்த பாத்வே-2 ஆய்வில், மூன்று மருந்துக்கும் கட்டுப்படாதவர்களுக்கு நான்காவதாக பைசோப்ரோலால், டாக்ஸசோசின், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது ஸ்பைரோனோலாக்டோன் மற்ற இரண்டையும் தெளிவாக முந்தியது. பொட்டாசியம் மிகையாக ஏறிவிடாமலும் சிறுநீரகம் பாதிக்கப்படாமலும் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம், அப்போது அதே வகை மருந்தான எப்ளெரினோன் இருக்கிறது. கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்தவையே.

உங்கள் தயக்கங்களை நான் அறிவேன். மிகைச் சுரப்பு ஒரு பக்க அட்ரினலில் இருந்தா, இரண்டிலும் இருந்தா என்று தீர்மானிக்க அட்ரினல் சிரையில் குழாய் செலுத்தி ரத்தம் எடுக்க வேண்டும். வலப்பக்கச் சிரை மிகச் சிறியது, பெருஞ்சிரையில் நேராகச் சேர்வது, அதைப் பிடிக்கும் தேர்ச்சி எல்லா ஊரிலும் இல்லை. சி.டி. ஸ்கேனை மட்டும் நம்பிக் கத்தி வைக்கவும் முடியாது: 2009இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் நூற்றில் ஏறத்தாழ 38 பேரின் ஸ்கேன் முடிவு சிரை ரத்த முடிவோடு ஒத்துப்போகவில்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை அறுவை சிகிச்சையைப் பற்றிய தயக்கங்கள். அறுவைக்குப் போக முடியாத, போக விரும்பாத நோயாளிக்கும் நோயின் பெயர் தெரிந்தால் உரிய மாத்திரை கிடைக்கும். சிரைப் பரிசோதனைக்கு வசதி இல்லை என்பதற்காக முதல் ரத்தப் பரிசோதனையையே செய்யாமல் விடுவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

செலவு என்பது மெய்யான தடை. தனியார் பரிசோதனைக்கூடங்களில் இவ்விரண்டும் விலை கூடியவை. கூலி வேலை செய்கிறவரிடம் எழுதிக் கொடுத்தால் அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே தமிழ்நாட்டில் பணியாற்றும் அரசு மருத்துவர்களிடம் கூடுதலாக ஒன்றைக் கேட்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. இத்தனை வீடுகளுக்குப் போய் அழுத்தத்தை அளந்து எழுதி வைக்கும் ஏற்பாடு உலகில் எத்தனை அரசுகளிடம் இருக்கிறது? மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் அழுத்தம் இறங்காதவர் யார் என்பது அந்தப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அவர்களைப் பிரித்தெடுத்து, அவர்களுக்கு மட்டுமாவது மாவட்டத்துக்கு ஓர் இடத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் கட்டணமின்றி இந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள் என்று துறைத் தலைவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். நான் எழுதினால் அது ஓய்வுபெற்ற ஒருவரின் மனு. நீங்கள் சொன்னால் அது மருத்துவத் தேவை.

ஐரோப்பிய இதயவியல் கழகம் 2024இலும், அமெரிக்காவிலிருந்து இயங்கும் நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2025இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், உயர் ரத்த அழுத்தம் உறுதியான எல்லோருக்குமே இந்தப் பரிசோதனையை எண்ணிப் பார்க்கச் சொல்கின்றன. நான் எல்லோருக்கும் என்று கேட்கவில்லை. இரண்டு, மூன்று மருந்துக்குக் கட்டுப்படாதவர், இளம் வயதிலேயே அழுத்தம் ஏறியவர், தானாகவோ நீர் மாத்திரையாலோ பொட்டாசியம் குறைந்தவர், அட்ரினலில் கட்டி இருப்பதாக ஸ்கேனில் தற்செயலாகத் தெரிய வந்தவர், குடும்பத்தில் இளம் வயதில் பக்கவாதம் கண்டவர் ஆகியோரிடமிருந்து தொடங்குங்கள். பொட்டாசியம் இயல்பாக இருக்கிறது என்று சொல்லி எவரையும் விலக்கிவிடாதீர்கள்.

செய்முறையிலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிய பிறகு, சில நிமிடங்கள் உட்கார வைத்து ரத்தம் எடுக்க வேண்டும். பொட்டாசியம் குறைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தாழ்ந்த பொட்டாசியம் ஆல்டோஸ்டிரோனையும் தாழ்த்திக் காட்டும். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அந்தச் சில நாட்களுக்கு வழக்கம்போல் சாப்பிடச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு மருந்துகளை நிறுத்தாமலே முதல் பரிசோதனையைச் செய்துவிடலாம். அட்டெனோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் ரெனினைத் தாழ்த்தி விகிதத்தைக் கூட்டிக் காட்டும் என்பதை மட்டும் முடிவைப் படிக்கும்போது மனத்தில் கொள்ளுங்கள். ரத்தம் எடுத்த சோதனைக் குழாயைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பக் கூடாது, குளிரில் முன்னோடி ரெனின் செயல்படும் ரெனினாக மாறி முடிவைக் கெடுத்துவிடும். அறை வெப்பநிலையிலேயே ஆய்வகத்துக்குப் போகட்டும். எந்த அலகில் அளவு தரப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே விகிதத்தைக் கணக்கிட வேண்டும்.

எந்த மாவட்டத்திலாவது மருத்துவர்களுக்கும் ஆய்வகப் பணியாளர்களுக்கும் இதுபற்றி ஒரு நாள் வகுப்பு வைக்க விரும்பினால், பயணச் செலவோ ஊதியமோ எதிர்பாராமல் வந்து நடத்திக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மீது மதிப்புள்ள,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர்